பரலோகத்துக்கு ரசீது போட யாருக்கும் அதிகாரம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ துண்டு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கீழே ஆமென், அருமையான செய்தி, ஆசீர்வாதமான நேரம் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போகிறீர்கள். ஒருத்தருக்குக் கூடவா உறுத்தவில்லை?

சபையாருக்கு எல்லாம் தெரியும், முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. நம் கோவில் கோபுர வேலைக்குக் கொடுத்தவர்கள் பெயரைத் தொகையோடு மைக்கில் வாசித்தார்கள். 50,000, 25,000 என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் நம் சபை அம்மா ஒருவரின் பெயரும் வந்தது, 200 ரூபாய். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் சிரித்துக்கொண்டே, "அம்மா, அப்போ பரலோகத்தில் உங்களுக்கு ஓலைக்குடிசைதான்" என்றார். கூட்டம் சிரித்தது. வீடியோவில் சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது. நான் அந்த அம்மாவுக்கு அடுத்த வரிசையில் இருந்தேன். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டார், அப்புறம் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அப்போது பாட்டு ஒன்றும் நடக்கவில்லை. எந்தப் பக்கத்தையும் அவர் பார்க்கவும் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பரலோகத்தில் யாருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிற அதிகாரத்தை ஆண்டவர் எந்த மனுஷனுக்கும் கொடுக்கவில்லை. பிரசங்கியாருக்கும் இல்லை, கமிட்டிக்கும் இல்லை, மைக் பிடித்து வாசித்தவருக்கும் இல்லை. பலன் கொடுக்கிறவர் அவர். அளக்கிறவரும் அவரேதான்.

அந்த ஓலைக்குடிசைக் கதையை நாம் எல்லாரும் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். ஒரு பணக்கார அம்மா பரலோகத்துக்குப் போகிறார். அங்கே தன் வீட்டு வேலைக்காரிக்கு மாளிகை, தனக்குச் சின்னக் குடிசை. ஏன் என்று கேட்டால், நீ அனுப்பி வைத்த சாமான்களை வைத்து இவ்வளவுதான் கட்ட முடிந்தது என்று பதில் வருகிறது. கதை அப்படித்தான். குடிசை யாருக்கு? பணக்கார அம்மாவுக்கு. மாளிகை யாருக்கு? பாத்திரம் தேய்த்தவளுக்கு. அதை ஞாயிற்றுக்கிழமை தலைகீழாகப் புரட்டி, 200 ரூபாய் கொடுத்தவர் தலையில் குடிசையை வைத்துவிட்டார்கள். வேதத்தில் இல்லாத கதைதான், இருந்தாலும் அதைச் சொன்னவர்கள் ஏழைக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். அந்த ஆறுதலையும் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்ய?

"அக்கா, அப்போ நீங்க பரலோக பலனையே நம்பலையா?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். நம்புகிறேன் தம்பி. உங்களைவிட அதிகமாகவே நம்புகிறேன். "தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவர்" என்று எபிரெயர் 11-இல் இருக்கிறது. "நான் அளிக்கும் பலன் என்னோடேகூட வருகிறது" என்று வெளிப்படுத்தல் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. கிரீடங்களும் இருக்கின்றன. பந்தயத்தில் ஓடுகிறவனைப் போல இச்சையடக்கமாய் இருக்கிறவனுக்கு அழிவில்லாத கிரீடம், சோதனையைச் சகிக்கிறவனுக்கு ஜீவகிரீடம், மந்தையை இறுமாப்பில்லாமல் மேய்க்கிற மூப்பர்களுக்கு வாடாத கிரீடம். பவுல் தனக்கு நீதியின் கிரீடம் வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதுகிறார். எழுதிய கையோடு என்ன சொல்கிறார்? "எனக்கு மாத்திரமல்ல, அவர் பிரசன்னமாகுதலை விரும்பும் யாவருக்கும்" என்கிறார். யாவருக்கும். இந்தக் கிரீடங்களில் ஒன்றுகூடக் கட்டிட நிதிக்கு என்று எழுதப்படவில்லை. தேடிப் பாருங்கள். சோதனை, பொறுமை, அடக்கம், மந்தை, காத்திருத்தல். இவ்வளவுதான் இருக்கிறது.

இயேசு பலனைப் பற்றிப் பேசும்போது பல இடங்களில் யாரும் கவனிக்காத ஆளைத்தான் காட்டினார். ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவன் பலனை இழக்க மாட்டான் என்றார். விருந்து வைத்தால் திருப்பிக் கூப்பிட வழியில்லாத ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் கூப்பிடு, நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் உனக்குப் பதில் செய்யப்படும் என்றார். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டு காசு போட்ட விதவையைக் காட்டி மற்ற எல்லாரையும் விட இவள்தான் அதிகம் போட்டாள் என்றார். அந்த விதவையை நம் பண்டிகைக்குக் கூட்டி வந்திருந்தால் மைக்கில் என்ன சொல்லியிருப்போம்? நினைக்கவே கூசுகிறது. மத்தேயு 6-ஐயும் எடுத்து வாசியுங்கள். மனுஷர் புகழ வேண்டும் என்று தாரை ஊதி தர்மம் செய்கிறவர்களைப் பற்றி, "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று சொல்லியிருக்கிறார். பட்டியலை வாசித்தவர்கள் ஏழைகளுக்கு மட்டும் கெடுதல் செய்யவில்லை. 50,000 கொடுத்தவரும் ஒருவேளை உண்மையான பக்தியோடு ரகசியமாகக் கொடுத்திருக்கலாம். அவருடைய ரகசியத்தையும் மைக்கில் போட்டு உடைத்துவிட்டீர்கள்.

எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று புரியாது. சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன ஊர். தாத்தா பனையேறி. சீசன் முடிந்தால் வீட்டில் வருமானம் கிடையாது, ஆச்சி சுற்றுகிற பீடிக் காசுதான். உலையில் போட அரிசியைப் படியில் அளந்து சொளகில் கொட்டுவார். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அடுப்பு மேடையில் இருக்கும் பழைய ஓவல்டின் டின்னில் போடுவார். கைப்பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். எத்தனை கோவில் இந்த அரிசியில் எழும்பியிருக்கும் என்று யாரும் கணக்கு வைத்திருக்க முடியாது. ஒரு நாள் அளந்ததே அரைப்படிதான். நாங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கிறோம். அன்றைக்கும் கை டின்னுக்குப் போனது. அம்மா, "இன்னைக்கு ஒரு நாள் விடக் கூடாதா?" என்று கேட்டதற்கு ஆச்சி, "அது நம்ம அரிசி இல்லட்டீ" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. பரலோகத்தில் திரும்பக் கிடைக்கும் என்றோ ஆசீர்வாதம் வரும் என்றோ ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அந்த அரிசியை எல்லா வீட்டு அரிசியோடும் சேர்த்து ஒரே சாக்கில் கொட்டுவார்கள். யார் வீட்டு அரிசி எது என்று யாருக்கும் தெரியாது. ஐயருக்கு (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) தெரியாது, சபைக் கணக்கிலும் இருக்காது.

அந்தச் சாக்கில் ஆச்சியின் பிடி எது என்று ஒருத்தருக்குத் தெரியும். என் விசுவாசமே அதில்தான் நிற்கிறது. அதனால்தான் யாரோ மைக்கில் குடிசை, மாளிகை என்று பங்கு பிரிக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நம் கோவிலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறியின் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இன்னாரின் நினைவாக, இன்னார் குடும்பத்தாரின் அன்பளிப்பு. டியூப்லைட்டில் பெயர், பெஞ்சில் பெயர், கைகழுவும் தொட்டியில் பெயர். செத்துப்போன அப்பாவின் நினைவாக ஒரு ஃபேன் கொடுக்கிற பிள்ளையின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, திரும்பி ஊருக்கே போகாமல் 1951-இல் இங்கேயே கண்மூடிய, ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் தன் கல்லறைமேல் கல்வெட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியைத்தான் அங்கே வைத்தார்கள். இத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியவருக்கே தன் பெயர் தேவைப்படவில்லை.

சரி, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு வருகிறேன்.

பணம் இல்லாமல் கோபுரம் எப்படிக் கட்டுவது? கேட்டு வாங்குங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் எடுக்கிற சபை இது, கேட்டால் கொடுக்காத சபையா? ரசீது போடுங்கள், ஆடிட் பண்ணுங்கள், கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஆனால் பரலோகத்தை விலைக்குக் காட்டி வாங்காதீர்கள். ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பணம் வேண்டும் என்று பாவமன்னிப்புச் சீட்டு விற்றபோதுதான் லூத்தர் 1517-இல் கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த சபைகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு நாம் இதைச் செய்கிறோம்.

1 கொரிந்தியர் 3-இல் பொன், வெள்ளி, மரம், புல், வைக்கோல் என்று இருக்கிறதே, அப்போ வித்தியாசம் உண்டுதானே? உண்டு. ஆனால் அவனவனுடைய வேலைப்பாட்டை அக்கினிதான் பரிசோதிக்கும் என்று அங்கேயே இருக்கிறது. அந்த நாள்தான் விளங்கப்பண்ணும். அந்த நாள் இன்னும் வரவில்லை. எது பொன், எது வைக்கோல் என்று இப்போதே சொல்கிறவர் யார்?

"அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள்." எனக்கு இதை எழுதி அனுப்பியவர்கள் கொஞ்சம் 105-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள். நிலமும் பலமும் இல்லாமல் ஊர் ஊராகப் பரதேசிகளாய் அலைந்த கொஞ்சம் பேரை ராஜாக்கள் ஒடுக்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. பலவீனரைக் காக்க வந்த வசனத்தை மைக் வைத்திருப்பவருக்குக் கேடயமாக்காதீர்கள். கேலி செய்யப்பட்டது அந்த அம்மா. அவரும் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து (சபையின் முழு அங்கத்தினராகி), வாரம் தவறாமல் வருகிறவர்தான். அவரைத் தொடலாமா?

"சும்மா ஒரு ஜோக், இதைப் போய் பெரிசு பண்றீங்க." இதற்கு என்ன பதில் சொல்வது? உங்கள் அம்மாவின் பெயரை வாசித்துச் சிரித்திருந்தால் ஜோக் என்று சொல்லியிருப்பீர்களா?

"வெளியே இருப்பவர்கள் முன்னால் நம் சபையை அசிங்கப்படுத்தலாமா, உள்ளேயே பேசியிருக்கலாமே." ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி (கோவிலில் போதகர் அறை) வாசலில் நின்று பேசினேன். "மனசில் வைக்காதீங்க, பிரியாணி ரெடி, சாப்பிட வாங்க" என்று பதில் கிடைத்தது. அப்புறம்தான் இங்கே எழுதுகிறேன். வீடியோவை ஊருக்கு அனுப்பியதும் நானில்லை.

இது ஒரு பிரசங்கியாரின் நாக்கு தவறியது மட்டும் இல்லை என்பதுதான் என் வருத்தம். அவர் வருவதற்கு முன்பே நாம் இப்படித்தான் இருக்கிறோம். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் கண்டிப்பதை அப்படியே நடத்துகிறோம். முன்னால் சோபா யாருக்குப் போடப்பட்டிருந்தது என்று அதே வீடியோவில் பாருங்கள். வசதியானவர் வீட்டுத் துக்கத்துக்கு மூன்று ஐயர் வருகிறார்கள், இரங்கல் உரைகள் மணிக்கணக்கில் நடக்கின்றன. எங்கள் சித்தப்பா இறந்தபோது சங்கப் பணம், அதாவது சபைச் சந்தா, பாக்கி என்று சொல்லி, நாங்கள் ஓடி ஓடிப் பணம் புரட்டிக் கட்டின பிறகுதான் கோவில் மணி அடித்தார்கள். வீட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருக்கிறார், நான் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரசீதில் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஊர், எந்தச் சபை என்று எழுத மாட்டேன். அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் பாக்கி வைத்ததற்குக் காரணம் ஆஸ்பத்திரிச் செலவு. அதைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மத்தேயு 25-இல் நியாயத்தீர்ப்பு நாளில் "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று ராஜா சொல்லும்போது வலது பக்கம் நிற்பவர்கள் "ஆண்டவரே, எப்பொழுது?" என்று கேட்கிறார்களே, அந்த இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்களுக்கே தெரியவில்லை. தாங்கள் பலனுக்குரிய ஏதோ செய்தோம் என்ற நினைப்பே அவர்களிடம் இல்லை. பட்டியல் போட்டு வைத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில் விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரு பணம். முணுமுணுத்தவன் யார்? அதிகம் உழைத்ததாகக் கணக்கு வைத்திருந்தவன்தான். வெளிப்படுத்தலில் இருபத்துநான்கு மூப்பரும் கிடைத்த கிரீடங்களைக் கழற்றிச் சிங்காசனத்துக்கு முன்பாக வைத்துவிடுகிறார்கள். கிரீடம் கிடைத்தாலும் கடைசியில் அதைச் செய்யத்தான் போகிறோம். அதற்குள் யாருடையது பெரிசு என்று இங்கே அளந்துகொண்டிருக்கிறோம்.

கமிட்டிக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, இனி எந்தப் பண்டிகையிலும் தொகையை மைக்கில் வாசிக்காதீர்கள், பெயரும் வேண்டாம். இரண்டு, அந்த அம்மா வீட்டுக்கு யாராவது பொறுப்பில் இருப்பவர்கள் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். போட்டோ எடுத்து குழுவில் போடாமல் போங்கள். நான் எழுதியது தவறு என்று நினைப்பவர்கள் கீழே எழுதலாம், பதில் சொல்கிறேன். ஆனால் அந்த அம்மாவின் பெயரை யாரும் கமென்ட்டில் போட வேண்டாம், போட்டால் நீக்கிவிடுவேன்.