கேயாஸ் என்றால் குழப்பமா?

நண்பர் ஒருவர் கிரேக்கத் தொன்மக் கதைகளைத் தமிழில் எழுத ஆரம்பித்திருக்கிறார். முதல் வரியை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்: "ஆதியில் குழப்பம் இருந்தது." குழப்பம் வேண்டாம், மாற்றுங்கள் என்றேன். மூலத்தில் இருக்கும் கேயாஸ் (chaos) என்ற சொல்லுக்கு அகராதி அப்படித்தானே சொல்கிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் நீட்டி இங்கே போடுகிறேன்.

கி.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட், தெய்வங்கள் பிறந்த கதையாகப் பாடிய 'தியோகொனி'யில் எல்லாவற்றுக்கும் முதலில் தோன்றுவது கேயாஸ். பூமித்தாய் கையாகூட அதற்குப் பிறகுதான். கொட்டாவி விடுவது, வாயைப் பிளப்பது என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லுக்கு உறவுக்காரச் சொல் இது. அதாவது பிளவு, ஆவென்று திறந்து கிடக்கும் வெளி. இதில் குழப்பம் எங்கே வந்தது? குழம்ப வேண்டுமென்றால் சட்டிக்குள் நாலு பொருளாவது கிடக்க வேண்டாமா? அப்போது சட்டியே கிடையாது! கி.மு. 414-இல் அரங்கேறிய அரிஸ்டோபனஸின் 'பறவைகள்' நாடகத்திலும் கேயாஸ் என்பது பறவைகள் பறந்து திரியும் வெட்டவெளிதான்.

குழப்பத்தைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ரோமானியக் கவிஞர் ஓவிடுக்கு என்பேன். ஹெசியோடுக்கு ஏழு நூற்றாண்டு கழித்து வந்தவர். நிலமும் நீரும் காற்றும் பிரியாமல், சூடும் குளிரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கிடந்த உருவமற்ற குவியலுக்கு அவர் கேயாஸ் என்று பெயர் வைத்தார். பிற்கால ஐரோப்பா லத்தீன் படித்து வளர்ந்தது. ஓவிடின் அர்த்தமே நிலைத்துவிட்டது. அது தப்பு என்று சொல்ல மாட்டேன், சொல் என்றால் நாலு ஊர் சுற்றத்தான் செய்யும். ஆனால் ஹெசியோடின் கதையைச் சொல்லும்போது ஓவிடின் அர்த்தத்தை அவர் வாயில் திணிப்பது நியாயமில்லை. 'பெரும்பிளவு' என்று போடலாம், 'வெறுவெளி'யும் சரி.

அப்புறம் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் பிறந்த வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் 62 பவுண்டு கரியை எரித்துப் பார்த்தார். மிஞ்சியது 1 பவுண்டு சாம்பல். மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாகப் போய்விட்டது என்று கணக்குப் போட்டவருக்கு, அந்த 'ஏதோ ஒன்றுக்கு' ஒரு பெயர் தேவைப்பட்டது. பழையவர்களின் கேயாஸுக்குப் பக்கத்தில் வருவதுதானே இது என்று 'கேஸ்' என வைத்தார். அவர் இறந்தபின் 1648-இல் வெளியான நூலில் இது இருக்கிறது.

நேற்று ராத்திரி தோசை பாதி வெந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுச் சிலிண்டரில் தீர்ந்துபோனதும் இந்தக் கேயாஸின் பிள்ளைதான்.