ரெண்டு பொல்லாதவனும் ஒரு சர்வரும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டு அப்பா டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். "ரஜினி பொல்லாதவன் போடுறா, பார்த்து ரொம்ப நாளாச்சு." போட்டேன். போஸ்டரில் ரஜினி, கதைச்சுருக்கத்தில் ரஜினி, ஆண்டு 1980. பிளேயை அமுக்கினால் தனுஷ் வருகிறார்! "இதுக்காடா ஆறு மாசமா அந்தப் பொட்டியைக் கட்டிட்டு அழற?" என்றார் அப்பா. பதில் சொல்ல வாய் வரவில்லை.

பெட்டி என்று அவர் சொல்வது, ஷெல்ஃபில் செருப்புப் பெட்டி அளவில் உறுமிக்கொண்டு இருக்கும் என் ஜெல்லிஃபின் சர்வரை, அதாவது நம்மிடம் உள்ள படங்களை வீட்டு டிவியில் போஸ்டரோடு காட்டும் கம்ப்யூட்டரை. உள்ளே ரெண்டு ஹார்டு டிஸ்க். வீட்டில் கிடந்த விசிடி, டிவிடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஏற்றியவன் நான். பழைய விசிடியில் ஒரு படம் ரெண்டு டிஸ்க்கில் இருக்கும், ரெண்டிலும் ஃபைல் பெயர் ஏவிசீக்01.டாட் என்றே இருக்கும். சிடி1, சிடி2 என்று பெயர் மாற்றாமல் விட்டால் இன்டர்வெலுக்குப் பிறகு வருவதைத் தனிப் படமாகக் காட்டும். அதையெல்லாம் சலிக்காமல் செய்தேன். சம்பளமா, சர்வீஸ் சார்ஜா? ஒரு காபி கூடக் கிடையாது.

சரி, தனுஷ் எப்படி வந்தார்? ரஜினி படம் 1980, தனுஷ் படம் 2007. ரெண்டு ஃபோல்டருக்கும் ஆசை ஆசையாய்த் தமிழிலேயே 'பொல்லாதவன்' என்று பெயர் வைத்திருந்தேன், ஆண்டு போடவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே இடத்தில் ஒரே பெயரில் ரெண்டு ஃபோல்டர் எப்படி இருக்க முடியும்? சர்வரில் ஓடும் லினக்ஸ் அதை விடவே விடாது! அங்கேதான் என் மண்டை காய்ந்தது. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரெண்டு பெயரையும் ஹெக்ஸில், அதாவது கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருக்கும் எண்களாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு 'பொல்லாதவன்' 30 பைட். இன்னொரு 'பொல்லாதவன்' 33 பைட்.

எல்லாம் அந்த 'பொ' செய்த வேலை. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று ரெண்டாகப் பிரித்தும் வைக்கலாம். ரெண்டும் செல்லும், கண்ணுக்கு ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியாது. மச்சானின் பழைய மேக் அதைப் பிரித்துத்தான் வைக்கும். அதிலிருந்து ஆர்சிங்க் என்ற ஃபைல் காப்பி புரோகிராம் போட்டு இழுத்தபோது பிரிந்தபடியே வந்துவிட்டது. லினக்ஸ் பைட்டை மட்டும்தான் பார்க்கும், அதுக்கு இது வேறு, அது வேறு. எனக்குத் திரையில் ஒரே மாதிரி ரெண்டு பெயர், ரெண்டிலும் தனுஷ் போஸ்டர். ஒன்றைத் தேர்ந்தெடுத்து 1980 என்று திருத்தினேன். தப்பான ஒன்றை!

ஆர்சிங்க்கில் இதைச் சரிசெய்ய ஐகான்வ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. யாருக்கய்யா தெரியும்? ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவனுக்கு இந்த ஜென்மத்தில் அது தேவைப்படாது. பெயர் நீளத்திலும் இதே கதை. லினக்ஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நமக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று. புள்ளி வைத்தால் அதுக்கும் தனியாக மூன்று! ஒரு மெய்யெழுத்துக்கு ஆறு பைட் அழுதுவிட்டுப் பட்டிமன்றப் பதிவுக்கு முழுத் தலைப்பு வைக்கப் பார்த்தால், "பெயர் நீளம்" என்று துரத்துகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சரியான ஃபோல்டரைக் கண்டுபிடித்து, ரஜினி திரையில் வந்து நின்ற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். சர்வர் படுத்துவிட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டிய சுவிட்ச் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வந்தவர் கைவண்ணம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். கம்ப்யூட்டருக்கு, கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்த ஒரு நொடித் துளி போதும், செத்துப்போகும்.

திரும்ப ஏற்றினால் "டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு". டேட்டாபேஸ் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். ஜெல்லிஃபின் தன் குறிப்பையெல்லாம் எழுதி வைக்கும் ஸ்க்யூஎல்லைட் இந்த வாக்கியத்தைச் சொன்னால் வயிற்றில் புளி கரைக்கும். பேக்கப் இருந்தது, மூன்று வாரப் பழசு. அந்த மூன்று வாரத்தில் நான் உட்கார்ந்து திருத்திய போஸ்டர், ஆண்டு, அப்பா பாதியில் நிறுத்திய படங்களின் கணக்கு எல்லாம் போச்சு. ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும்படி ரெண்டு டிஸ்க்கையும் மிரரில் போட்டிருக்கிறாயே என்று கேட்காதீர்கள். கெட்டுப்போன டேட்டாபேஸையும் அது பத்திரமாக ரெண்டு பிரதி எடுத்து வைத்திருந்தது. நடுவில் பெங்களூரிலிருந்து தங்கை வேறு: "அண்ணா, எனக்கு சர்வரே வரலையே." அவளுக்கு என்ன, ஒரு வரி மெசேஜ்.

ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாம் சரியானது. ஃபோல்டருக்கு ஆண்டு போட்டாயிற்று, 'பொ'வை ஒட்டியாயிற்று, இன்வெர்ட்டர் சுவிட்ச்மேல் செல்லோடேப்பும் ஒட்டியாயிற்று. அப்பா எப்போதோ தூங்கிவிட்டார். அம்மா மட்டும் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "ஏம்ப்பா, அதுல மாவீரன் இருக்கா?"

1986-இல் ஒன்று, 2023-இல் ஒன்று.

"எந்த மாவீரன்மா?" என்றேன். நான் கேட்டது கத்தினது மாதிரி இருந்ததாம்.