குழுவைக் கலைத்தது காங் டேனியல் இல்லை

அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே அதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள் என்பதால் இணைப்பைத் தரவில்லை. தந்து இன்னும் நாலு பேரை அங்கே அனுப்பி வைக்கவும் எனக்கு மனமில்லை. குழுவை விட்டுத் தனியாகப் போய்க் காணாமல் போனவர்கள் என்று ஒரு வரிசை போட்டு, அதில் முதல் ஆளாகக் கொரியப் பாப் பாடகர் காங் டேனியலை நிறுத்தி, 2019 டிசம்பரில் அவர் தன் ரசிகர்களுக்கான இணையப் பக்கமான ஃபேன் கஃபேயில் எழுதிய பதிவின் படத்தை முகப்பில் வைத்து, அதன் மேலேயே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையை ஒட்டியிருக்கிறார்கள். வாக்களித்து உயர்த்திய மக்களையும் குழுவையும் விட்டுவிட்டுப் போனார், பணத்துக்காக நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார், பிறகு தாக்குப்பிடிக்க முடியாமல் அழுதார் என்பதுதான் அதன் சாரம். கீழே வந்து சிரித்துவிட்டுப் போனவர்களில் என் நட்புப் பட்டியலில் இருக்கும் பலரும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேனியல் தான் இருந்த வானா ஒன் குழுவை விட்டுப் போகவில்லை. வானா ஒன் முடிந்தது. முடியும் என்பது அது பிறப்பதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 2017 ஏப்ரலில் கொரியாவின் எம்நெட் தொலைக்காட்சியில், பார்வையாளர்களின் வாக்கால் குழுவுக்கு ஆள் தேர்வு செய்யும் ப்ரொடியூஸ் 101 நிகழ்ச்சியின் இரண்டாம் பருவம் தொடங்கியபோதே, தேர்வாகும் பதினோரு பேரும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒரே குழுவாக இயங்குவார்கள், பிறகு அவரவர் நிறுவனத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்பதுதான் ஏற்பாடு. அதே ஆண்டு ஜூன் 16 அன்று நடந்த இறுதிச் சுற்றில் 15,78,837 வாக்குகளோடு டேனியல் முதலிடம் பெற்றார். ஆகஸ்ட் 7 அன்று சியோலின் கோச்சொக் ஸ்கை டோமில் வானா ஒன் அறிமுகமானது. 2018 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் முடிந்தது. 2019 ஜனவரி கடைசியில், அறிமுகமான அதே அரங்கில் நான்கு நாள் கச்சேரி நடத்தி விடைபெற்றார்கள். இதில் யார் யாரை விட்டுப் போனார்கள்?

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். யூன் ஜி-சங்கும் ஹா சங்-வூனும் 2019 பிப்ரவரியிலும், பார்க் ஜி-ஹூன் மார்ச்சிலும், கிம் ஜே-ஹ்வான் மே மாதத்திலும் தனி ஆல்பம் வெளியிட்டார்கள். ஹ்வாங் மின்-ஹ்யூன் தன் பழைய குழுவான நியூயஸ்ட்டுக்குத் திரும்பினார். லீ டே-ஹ்வியும் பார்க் வூ-ஜினும் புதிய குழுவில் சேர்ந்தார்கள். இவர்களில் ஒருவரையும் யாரும் ஓடிப்போனவர் என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் ஜூலை கடைசி வரை ஒரு பாட்டுக்கூட வெளியிட முடியாமல் முடங்கிக் கிடந்த டேனியலுக்கு மட்டும் அந்தப் பெயரை வைக்கிறீர்கள். இவர்கள் எல்லோருக்கும் பிந்தி வெளியே வந்தவரைத்தான் முதலில் ஓடியவர் என்கிறீர்கள்.

ஏன் பிந்தினார் என்றால் அந்த வழக்கினால்தான். பணத்துக்காகப் போட்ட வழக்கு என்று போகிறபோக்கில் சொல்பவர்கள், நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும். டேனியலோடு பிரத்தியேக ஒப்பந்தம் செய்திருந்த எல்.எம். என்டர்டெயின்மென்ட், அந்த ஒப்பந்தத்தின் முக்கியமான உரிமைகளை, அவருடைய சம்மதம் இல்லாமலேயே, இன்னொரு தரப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது என்பதுதான் அவர் தரப்பின் புகார். 2019 மே 10 அன்று சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்று ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. நிறுவனம் ஆட்சேபித்தது, ஜூலையில் அதுவும் எடுபடவில்லை. செப்டம்பரில் இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வயதில் ஒருவன் தன் குரலையும் மேடையையும் தன்னைக் கேட்காமல் கை மாற்றாதீர்கள் என்று நீதிமன்றப் படி ஏறினால் அதற்குப் பேராசை என்று பெயர் வைக்கிறோம். இதையே ஒரு நிறுவனம் செய்தால் வியாபாரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்தத் துறையை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். பயிற்சி, தங்குமிடம், நடன அமைப்பு, ஒலிப்பதிவு, தொலைக்காட்சி வாய்ப்பு என்று ஒரு பாடகரின் மூச்சு முழுவதும் அங்கே நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. நிறுவனத்தோடு மோதியவர்கள் வழக்கில் வென்ற பிறகும் இசை நிகழ்ச்சிகளில் தலைகாட்ட முடியாமல் போன கதைகள் அங்கே நிறைய உண்டு. இது தெரிந்தும்தான் டேனியல் வழக்குப் போட்டார். தீர்ப்பு வந்த அடுத்த மாதமே கனெக்ட் என்டர்டெயின்மென்ட் என்று தனக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஜூலை 25 அன்று ‘கலர் ஆன் மீ’ வெளிவந்தது. கொரிய ஆல்பம் விற்பனையைக் கணக்கெடுக்கும் ஹான்டியோவின்படி முதல் வாரத்தில் மட்டும் நான்கரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. காணாமல் போனவர் என்று நீங்கள் சொல்லும் ஆளின் முதல் தனி ஆல்பம் இது.

அந்த ஆல்பம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு தோழி குழு ஆர்டர் எடுத்துச் சேர்த்து வரவழைத்தாள். சுங்கத்தில் நின்று, தபாலில் அலைந்து, ஒரு மூலை நசுங்கி வந்தது. பெட்டியைப் பிரித்தது நானில்லை, என் தம்பி. கே-பாப் பைத்தியம் என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவன்தான் அவன். நசுங்கிய மூலையை நகத்தால் நீவி நீவி நேராக்கினான். உள்ளே இருந்த, டேனியலின் படம் போட்ட போட்டோகார்டை மின்விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதைத் தன் கல்லூரி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டான். இவன் வழக்குப் போட்டு ஜெயித்தவன்தானே அக்கா என்று மட்டும் கேட்டான்.

அந்தத் தம்பியைப் பற்றித்தான் இங்கே எழுதுவதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். அவனிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும் பேருந்தில் ஒரு நாள் நானும் அவனும் போய்க்கொண்டிருந்தோம். வாடிப்பட்டி தாண்டியதும் திடீரென்று எழுந்து நடத்துநரிடம் நிறுத்தச் சொன்னான். எதற்கு என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டான். நானும் பின்னாலேயே ஓடி இறங்கினேன். சாலையோரத்தில் ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தான்களைப் பிய்ப்பது போல் கழற்றினான். கை விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. “மூச்சு விட முடியலக்கா, செத்துப் போயிருவேன் போல இருக்கு” என்றான். வெயில் கொளுத்திய அந்த நேரத்திலும் அவன் உள்ளங்கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட உறவினர்கள் பிறகு பல மாதங்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். வயசுப் பையனுக்கு என்னடா பயம் என்றார்கள். காத்துக் கருப்பு என்றார்கள். கல்லூரிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று அவன் காதில் விழும்படியே சொன்னார்கள். அவனுக்கு வந்திருப்பது பீதி நோய் என்று ஒரு மனநல மருத்துவர் சொன்னபோது, அதற்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததிலேயே அவன் முகம் பாதி தெளிந்துவிட்டது. பிறகு அவனாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் டேனியலுக்கும் இதுதான் என்று கண்டுபிடித்து என்னிடம் ஓடி வந்து காட்டினான்.

அதனால் அந்த முகப்புப் படத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பதிவு எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று நினைவிருக்கிறதா? 2019 அக்டோபர் 14 அன்று கொரியப் பாடகி சல்லி இறந்தார். நவம்பர் 24 அன்று பாடகி கூ ஹாரா இறந்தார். அதற்கு மறுநாள் டேனியலின் ‘டச்சின்’ பாடல் வெளிவந்தது. டிசம்பர் 3 இரவு, தான் உயிராய் நினைக்கும் இசையையும் மேடையையும் குப்பையென்று தூற்றுகிறார்கள், தன் ரசிகர்களையும் குடும்பத்தையும் ஏசுகிறார்கள், தாங்க முடியவில்லை, யாராவது காப்பாற்றுங்கள் என்ற பொருளில் அவர் எழுதினார். அடுத்த நாள், அவருக்கு மனச்சோர்வும் பீதி நோயும் இருப்பதாக அறிவித்து அவருடைய நிறுவனம் எல்லா நிகழ்ச்சிகளையும் நிறுத்தியது. இரண்டு மாதங்களுக்குள் இரண்டு இளம்பெண்களைப் பறிகொடுத்த ஒரு துறையில், மூன்றாவதாக ஒருவர் சாகாமல் வாய்விட்டு உதவி கேட்டார். அந்தக் காலத்தில் வசைகளுக்கு அஞ்சி, கொரியாவின் டவும் என்ற இணையத் தளம் பொழுதுபோக்குச் செய்திகளின் கீழ் கருத்துப் பெட்டியையே எடுத்துவிட்டது. சில மாதங்களில் இன்னொரு பெரிய தளமான நேவரும் எடுத்தது. அந்த நாட்டின் பெரிய தளங்களே வெட்கப்பட்டு மூடிய ஒன்றை நாம் இத்தனை ஆண்டு கழித்துத் தமிழில் திறந்து வைத்திருக்கிறோம்.

இதற்குச் சிலர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ப்ரொடியூஸ் நிகழ்ச்சியே மோசடி, அதில் வந்தவருக்கு என்ன இவ்வளவு வக்காலத்து என்பீர்கள். வாக்குகளைத் திருத்தியவர்கள் அதன் தயாரிப்பாளர்கள். அவர்கள் கைதாகித் தண்டனையும் பெற்றார்கள். அதில் டேனியலுக்குப் பங்கு உண்டு என்று யாரும் குற்றம் சாட்டியதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அவருக்குக் குரல் வளம் குறைவு என்பீர்கள். இருக்கட்டும். கிம் ஜே-ஹ்வானோடு ஒப்பிட்டால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். பூசானில் பி-பாயிங் என்ற தெரு நடனமும் நவீன நடனமும் கற்று வளர்ந்தவர் அவர். உடம்பால் பாட்டைச் சொல்கிறவர். மேடையில் அவர் தோளைத் திருப்பும் அந்த அரை நொடிக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் இருக்கிறோம். பாட்டு பிடிக்கவில்லை என்று நூறு பதிவு போடுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒரு பாடலைப் பிடிக்கவில்லை என்பதும், ஒருவருக்கு மூச்சு முட்டியதைப் பார்த்துச் சிரிப்பதும் ஒன்றாகுமா?

கோடிகளில் சம்பாதிப்பவர் நாலு வசையைத் தாங்கத்தான் வேண்டும் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சம்பளம் வாங்கினால் நெஞ்சு இரும்பாகிவிடுமா? அந்த நிகழ்ச்சி பார்வையாளர்களைத் தேசியத் தயாரிப்பாளர்கள் என்று அழைத்தது. வாக்களித்தோம், அதனால் அவன் எங்கள் உடைமை என்ற எண்ணம் அங்கே தொடங்கியது. அவன் சிரிக்க வேண்டும், எங்களுக்குப் பிடித்தபடி ஆட வேண்டும், எங்களிடம் கேட்டுத்தான் தனியாகப் போக வேண்டும், விழுந்தால் விழுந்ததையும் நாங்கள் ரசிப்போம். ஒரு வாக்குக்கூடப் போட முடியாத தூரத்தில் இருக்கும் நமக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

தாக்குப்பிடிக்க முடியாதவர் என்கிறீர்களே, பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2020 மார்ச்சில் ‘சயான்’, ஆகஸ்டில் ‘மஜெண்டா’, 2021 ஏப்ரலில் ‘யெல்லோ’ என்று மினி ஆல்பங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். தன் மன இருளையே பாட்டாக்கினார். 2022 மே மாதத்தில் முதல் முழு ஆல்பம் வந்தது. 2021 மே மாதத்தில் ஜிஃப்ரெண்ட் என்ற பெண்கள் குழு திடுதிப்பென்று முடிந்தபோது, அதில் இருந்த யூஜுவுக்கு இடம் கொடுத்து, அவர் தனியாகப் பாட வழி செய்தது இதே கனெக்ட் நிறுவனம்தான். 2024-இல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்குதாரர் மீது, தனக்குத் தெரியாமல் தன் பெயரில் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் போடப்பட்டதாக டேனியலே காவல் துறையில் புகார் கொடுக்க வேண்டி வந்தது. தான் தொடங்கிய நிறுவனத்தையும் விட்டு வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பரில் வேறு நிறுவனத்திலிருந்து ‘ஆக்ட்’ என்ற மினி ஆல்பத்தோடு மறுபடியும் மேடைக்கு வந்தார். இரண்டு முறை காலடியில் தரை நழுவியும் திரும்பி வந்த ஒருவரைத்தான் அந்தக் காணொளி முதல் ஆளாக நிறுத்தியிருக்கிறது.

எங்கோ இருக்கும் கொரியாக்காரனுக்காக நீ ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வாடிப்பட்டி பக்கத்தில் நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன். நேற்று இரவு அந்தக் காணொளியை என் தம்பிக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அவன் பார்த்துவிட்டான். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பக்கத்தை நடத்துபவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். காணொளியை நீக்குங்கள் என்று கேட்டால் கருத்துச் சுதந்திரம் என்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். குழுவை விட்டு ஓடினார் என்ற பொய்யைத் திருத்துங்கள். முகப்பிலிருந்து அந்த ஃபேன் கஃபே பதிவையும் பொம்மையையும் எடுத்துவிடுங்கள். இங்கே அதே படத்தைக் கருத்தில் கொண்டுவந்து போடுபவர் எவ்வளவு நெருங்கிய நட்பாக இருந்தாலும் அதை நீக்கிவிடுவேன், அவரையும் நட்பிலிருந்து விலக்கிவிடுவேன்.