தொப்புள் ஆறாத குட்டி

போன வாரம் குளச்சல் சந்தைக்குப் பால் சுறா வாங்கப் போனேன். தங்கச்சி பிள்ளை பெற்று இருபது நாள் ஆகிறது. சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். மீன்கார அக்காவின் சட்டியில் ஒரு முழம்கூட இல்லாத குட்டிகள் கிடந்தன. "பிஞ்சு மக்களே, பஞ்சு மாதிரி இருக்கும், எடுத்துக்கோ" என்றார். ஒன்றைப் புரட்டினேன். முன் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே, வெள்ளை வயிற்றில் சின்னதாக ஒரு பிளவு, இன்னும் மூடாமல் சிவந்திருந்தது. கத்தி பட்ட காயம் இல்லை, தொப்புள். பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும்.

பால் சுறா முட்டையிடாது. நம்மைப் போலவே தொப்புள்கொடி வழியாகக் குட்டியை வளர்க்கும். ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்தால் ஈற்றுக்கு ஒன்றிலிருந்து எட்டுக் குட்டி. சாளையோ ஆயிரக்கணக்கில் முட்டை விடும். ஒரு வருடம் பொய்த்தாலும் அடுத்த வருடம் எழுந்துவிடும். சுறாவால் அது முடியாது. பெரிய சுறாவுக்குப் பயந்து பல இனங்களின் குட்டிகள் ஆழம் குறைந்த கரையோரத்தில்தான் வளரும். விசைப்படகு இழுத்துப் போகும் இழுவை மடி வலை ஓடுவதும் அங்கேதான்.

"சுறா குறைஞ்சா நமக்கு மீன் கூடும்" என்று நம்மூரில் பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் சுறா விரிகுடா என்றே பெயர் கொண்ட இடத்தில் ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் பார்த்திருக்கிறார்கள். புலிச்சுறா நடமாடும் காலத்தில் கடல்பசுக்கள் ஆபத்தான கடல்புல் திட்டுகளில் நின்று மேயாமல் விலகிப் போகின்றன. சுறா கடிக்கக்கூட வேண்டாம், அந்தப் பக்கம் சுற்றினாலே போதும். கடல்புல் மொட்டையாகாமல் பிழைக்கிறது. அந்தப் புல்லுக்குள்தான் மீன் குஞ்சுகளும் இறாலும் வளர்கின்றன. கடலுக்குக் கடல் கணக்கு மாறும், சரி. ஆனால் திருக்கை, கணவாய், நோய்ப்பட்ட மீன் என்று தின்று திரியும் ஒரு உயிரை எடுத்துவிட்டால், மிச்சம் எல்லாம் அப்படியே இருக்கும் என்று எப்படி நம்புவது?

திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகள் 1970-க்குப் பிறகு உலக அளவில் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021-இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அதற்காக, சுறா பிடிக்கப் போகும் நம்ம தூத்தூர்க்காரர்களைக் குற்றவாளி ஆக்குவது எனக்குப் பிடிக்காது. நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலோடு லட்சத்தீவையும் தாண்டிப் போய் உயிரைப் பணயம் வைக்கிறவர்கள் அவர்கள். 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் பிடிக்கக் கூடாது என்று அரசு ஒரேயடியாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதே டிசம்பரில் பத்து இனங்களாகச் சுருக்கியது. கடலுக்குப் போகிறவனைக் கேட்காமல் போட்ட சட்டத்துக்கு வேறு என்ன கதி வரும்?

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு அக்காவிடம், "இவ்வளவு சின்னதை ஏன் ஏலம் எடுக்கிய?" என்று கேட்டேன். "நீங்க எல்லாம் பிஞ்சுதானே கேட்டு வாறிய" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

நெத்திலியும் பூண்டும் வாங்கி வந்தேன். அம்மா முகம் சுளித்தாள். தொப்புளைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறா வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன்னால் ஒருதடவை வயிற்றுப் பக்கம் திருப்பிப் பாருங்கள். பிளவு ஆறவில்லை என்றால் வேண்டாம் என்று அக்காவுக்குக் கேட்கிற மாதிரியே சொல்லிவிட்டு வாருங்கள்.