கணக்காளர் சம்பளத்தை யார் தருவது?

11 வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு பொய் இருந்தது. யாரும் பணத்தை எடுத்துவிடவில்லை. ‘நிர்வாகச் செலவு 7 சதவீதம்’ என்று நான் எழுதிய வரிதான் அந்தப் பொய். 7 சதவீதத்தில் எங்கள் நிறுவனம் ஒருநாளும் நடந்ததில்லை. அதற்கு மேல் எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும் என்ற பயத்தில் எழுதினேன்.

பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டம் என்று வையுங்கள். புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் பயணத்துக்கும் நிதி கிடைக்கும். அந்தப் புத்தகத்துக்கு ரசீது வாங்கிக் கணக்கு எழுதுபவருக்கு? அலுவலக வாடகைக்கு? ஆடிட்டர் கட்டணத்துக்கு? வேலைக்கு வருபவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் செலவுக்கு? இதெல்லாம் நிர்வாகச் செலவு, திட்டத்தில் வராது என்பார்கள். ஆனால் இவை இல்லாமல் அந்தத் திட்டம் ஒரு நாள்கூட ஓடாது.

எங்களிடம் ஒரு கணக்காளர் இருந்தார், மிக நேர்த்தியான வேலைக்காரர். அவருடைய சம்பளத்தை மூன்று திட்டங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்துக் கொடுத்துவந்தோம். ஒரு வருடம் இரண்டு திட்டங்கள் ஒரே நேரத்தில் முடிந்தன. அடுத்தது தொடங்க நான்கு மாதம் இருந்தது. இரண்டு மாதம் பாதிச் சம்பளத்துக்கு வந்தார், அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. புதிய திட்டம் தொடங்கியபோது கணக்கு பார்க்க ஆள் இல்லை, முதல் காலாண்டு அறிக்கை தாமதமானது. நிதி கொடுத்தவர்கள் ‘நிறுவனத்தின் நிர்வாகத் திறன் போதாது’ என்று குறிப்பு எழுதினார்கள். எங்கள் பட்ஜெட்டில் கணக்காளர் வரியை அடித்துவிட்டதும் அவர்கள்தான். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அவர்கள்மேல் இருந்த அளவுக்கு என்மேலும் இருந்தது. அடித்தபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லையே.

இது எங்கள் ஒரு நிறுவனத்தின் கதை இல்லை. 2009ஆம் ஆண்டே கிரெகரி, ஹோவர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பட்டினிச் சுழற்சி என்று பெயரிட்டு எழுதினார்கள். நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று கொடுப்பவர் எதிர்பார்க்கிறார். வாங்குபவர் செலவைக் குறைக்கிறார், குறைக்க முடியாததைக் குறைத்துக் காட்டுகிறார். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துக் கொடுப்பவரின் எதிர்பார்ப்பு இன்னும் கீழே இறங்குகிறது. நாம் ஒவ்வொருவரும் எழுதும் அந்த 7 சதவீதம் அடுத்த சிறிய நிறுவனத்தின் கழுத்தில் ஏறுகிறது.

2013இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களைப் பற்றி நன்கொடையாளர்களுக்குத் தகவல் தரும் மூன்று அமைப்புகள், கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ், சேர்ந்து ஒரு திறந்த கடிதம் வெளியிட்டன. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் திட்ட நிதியோடு தரும் நிர்வாகச் செலவு அளவை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்த்தியது. அமெரிக்க நன்கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2020 முதல் கொடுத்துவருவதில் பெரும்பகுதி நிபந்தனையற்ற நிதி, அதாவது இன்ன திட்டத்துக்கு என்று கட்டிப்போடாமல் நிறுவனமே தீர்மானித்துச் செலவிடும் பணம். 2024 முடிவதற்குள் அவர் கொடுத்த மொத்தத் தொகை 1,900 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குப் போயிருக்கிறது. இவ்வளவு பணம் மொத்தமாக வந்தால் சிறிய அமைப்புகள் தடுமாறிவிடும் என்று பலர் பயந்தார்கள். வாங்கியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டதோ, பெரும்பாலானவை முன்பைவிட உறுதியாக நின்றதை.

‘எதற்கு என்று சொல்லாமல் கொடுத்தால் எங்கே போகும் என்று எப்படித் தெரியும்?’ இது நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நிபந்தனையற்ற நிதி என்றால் கணக்கு கேட்கக்கூடாத நிதி என்று அர்த்தமில்லை. தணிக்கை உண்டு, ஆண்டறிக்கை உண்டு, நிர்வாகக் குழு உண்டு. ஒரு திட்டத்தின் ரசீதுகளுக்குப் பதிலாக முழு நிறுவனத்தின் கணக்கையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் கடுமையான சோதனை. திட்டக் கணக்கு பைசா சுத்தமாக இருக்க, நிறுவனம் உள்ளுக்குள் காலியாகிக்கொண்டே போகலாம்.

சரி, இப்படிப்பட்ட நிதியை எப்படிக் கேட்பது? முன்பின் தெரியாதவரிடம் முதல் கடிதத்திலேயே கேட்டு எனக்குப் பலித்ததில்லை. ஏற்கெனவே இரண்டு திட்டங்களுக்குக் கொடுத்து, நம் வேலையை நேரில் பார்த்தவர்களிடம்தான் முதலில் பேச வேண்டும். பேசப் போகுமுன் உண்மையான முழுச் செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நிறுவனத்தில் இதைச் செய்ய ஆறு வாரம் ஆனது. யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கிறார் என்று குறித்துவைத்தோம். வாடகையையும் மின்கட்டணத்தையும் அதே விகிதத்தில் பிரித்தோம். நூறு செலவாகும் வேலைக்கு எண்பதுதான் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மீதி இருபது எங்கள் ஊழியர்களின் வாங்காத சம்பளம்.

‘நிர்வாகத்துக்குப் பணம் வேண்டும்’ என்று கேட்டால் யாருக்கும் மனம் இறங்காது. இந்த நிறுவனம் மூன்று வருடத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும், அதற்கு யார் யார் வேண்டும், கையில் எத்தனை மாதச் செலவுக்கு இருப்பு இருக்கிறது, எத்தனை மாதத்துக்கு இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இருப்பு குறைவாக இருந்தால் மறைக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் கேட்காமல் மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். ஒரே வருடப் பணத்தை நம்பி யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது.

மறுத்தால்? பல இடங்களில் மறுப்பார்கள். அப்போது திட்ட பட்ஜெட்டிலேயே கணக்காளரின் நேரத்தையும் அலுவலகப் பங்கையும் அந்தத் திட்டத்தின் நேரடிச் செலவாக, கணக்கோடு காட்டுங்கள். பல நிதியாளர்கள் ‘நிர்வாகம்’ என்ற வார்த்தைக்குத்தான் முகம் சுளிக்கிறார்கள், விவரமாகக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள். மாதாமாதம் சிறு தொகை அனுப்பும் தனிநபர்களையும் மறந்துவிடக்கூடாது. அவர்கள் பணத்தோடு பெரும்பாலும் எந்த நிபந்தனையும் வருவதில்லை. நாங்கள் அந்தப் பக்கத்தைப் பல வருடம் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் எங்களுக்கு இரண்டு முறை நிதி கொடுத்த ஓர் அறக்கட்டளையைப் பார்க்கப் போகிறோம். இந்த முறை தாளில் 7 சதவீதம் இல்லை, 22 இருக்கிறது. கணக்காளரின் சம்பளம் ஒரே வரியில், முழுதாக இருக்கிறது. அதை அடிக்க வந்தால் பேசுவேன்.