கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகளை யாரும் விற்கலாமா?

"கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு தன் கச்சேரிப் பதிவுகளின் உரிமையை ரசிகர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டது, யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம்" என்றொரு தகவல் சுற்றுகிறது. முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி அதைவிடத் தவறு.

குழு கொடுத்தது பதிவு செய்து பரிமாறிக்கொள்ளும் அனுமதி மட்டும்தான். 1984-இல் பதிவு செய்பவர்களுக்கென்றே பாட்டு, கருவிகளின் ஒலியைச் சேர்த்துச் சரிசெய்யும் ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கினார்கள். தலைக்கு மேலே உயர்ந்த கம்பிகளில் மைக்குகள் நாணல் காடு மாதிரி நிற்கும். அங்கே பிடித்த கேசட்டை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், பதிலுக்கு வேறொன்று வாங்கலாம். காசு மட்டும் கைமாறக் கூடாது.

மேசையிலிருந்து நேராக எடுத்த பதிவுகளின் கதை வேறு. கேட்டாலே தெரியும்: குரல் காதருகில் ஒலிக்கும், கைதட்டல் எங்கோ தூரத்தில் கிடக்கும். 1977 மே 8 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியை குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்தார். அதன் நகல்கள் பல பத்தாண்டுகள் ரசிகர்களிடையே சுற்றின. அப்படியும் 2017-இல் அது முறைப்படி விலைக்கு வெளிவந்தது. உரிமையைத் துறந்த குழு இப்படிச் செய்யுமா?

2005-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் இருந்த கச்சேரிப் பதிவுகளின் பதிவிறக்கத்தையே குழு தரப்பு நிறுத்தச் சொன்னது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள் (பின்னே, சும்மா இருப்பார்களா?). அப்புறம் அரங்கில் ரசிகர்கள் எடுத்தவை பதிவிறக்கத்துக்குத் திரும்பின. மேசைப் பதிவுகளை அங்கேயே கேட்க மட்டும் முடியும்.