படியளக்காத பார்வோன்

போன வியாழக்கிழமை மகளின் பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று கிளியோபாட்ரா, நாலு துத்தன்காமூன், ஒரு நெஃபர்டிட்டி, நாய் முகமூடி போட்ட அனுபிஸ் ஒருவர். எல்லாரும் ஒன்பது, பத்து வயதுக்காரர். இதற்குப் பெயர் 'லிவிங் மியூசியம்'. பிள்ளைகள் பழைய எகிப்து ஆட்களாக வேசம் போட்டுச் சிலை மாதிரி நிற்பார்கள். காலடியில் ஒரு சிவப்புக் காகித வட்டம் ஒட்டியிருக்கும். நாங்கள் அதை மிதித்தால் சிலைக்கு உயிர் வரும். ஒரு நிமிசம் தன் கதையைச் சொல்லிவிட்டு மறுபடி கல்லாகிவிடும்.

இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் சுமேர், சிந்துவெளி, எகிப்து, சீனத்து ஷாங் ஆகிய நாலு பழைய நாகரிகங்களில் ஒன்றை ஆழமாகப் படிக்கவேண்டும். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடங்கள் எல்லாம் எகிப்தைத்தான் எடுக்கின்றன. சிந்துவெளியில் மம்மி இல்லையே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் எகிப்தை ஒரு பக்கத்தில் படித்தோம்: நைல் நதியின் கொடை, பிரமிட், பப்பிரஸ், அடுத்த பாடம். என் மனத்தாங்கல் வேறு. அந்த மண்டபத்தில் எகிப்து இருந்தது, எகிப்தியரைக் காணவில்லை.

மகளுக்குப் பாத்திரம் கிடைத்த கதையும் சொல்லவேண்டும். வகுப்பில் பாத்திரம் பிரித்த அன்று அவளுக்குக் காய்ச்சல். திரும்பிப் போனபோது ராசா, ராணி, பூசாரி எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது 'வேலையாள்' என்று ஒரே ஒரு சொல். பேர்கூட இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து அழுதாள். மனிசி, "ரீச்சருக்கு ஒரு ஈமெயில் போடுங்கோவன்" என்றாள். நான் போடவில்லை. சோம்பல்தான் காரணம், தத்துவம் ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மம்மிகளைச் சுற்றி நல்லூர்த் தேருக்கு நிற்கிற மாதிரிச் சனம். அதைக் கடந்து போய் நாங்கள் தேடியது ஒரு சுண்ணாம்புக்கல் துண்டை. அது ஒரு வரவுப் பதிவேடு. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் 40 பேரின் பெயர், 280 நாட்களுக்கு. எவன் எந்த நாள் வேலைக்கு வரவில்லை என்பது கறுப்பு மையில். ஏன் வரவில்லை என்பது அதற்கு மேலே சிவப்பு மையில். தேள் கடித்தது. கண் நோய். தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போனான். பியர் வடிக்கிறான். மனைவிக்கோ மகளுக்கோ தீட்டு. இதெல்லாம் லீவு எடுக்கச் சொல்லப்பட்ட காரணங்கள்!

"அப்பா, பியர் செய்யிறதுக்கு லீவோ?" என்று பிள்ளை கேட்டாள். என்ன சொல்வது? அங்கே பியர் சாப்பாடு மாதிரி, பிள்ளை. கூலியே தானியமாகத்தான் கிடைக்கும், அதில் பாண் சுடுவார்கள், பியரும் வடிப்பார்கள் என்றேன். முகத்தைப் பார்த்தால் நம்பினமாதிரித் தெரியவில்லை. ஆனால் அழுகை நின்றுவிட்டது.

அந்தத் தொழிலாளரின் ஊர் டேர் எல்-மெதினா. லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், பாலைவனப் பள்ளம் ஒன்றில் மதிலுக்குள் சுமார் 70 வீடுகள். அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து தீட்டினவர்கள் இவர்களும் இவர்களுடைய அப்பாமாரும் தாத்தாமாரும். ஊரில் கிணறு இல்லை, தண்ணீர் கழுதையில் வரும். அவர்களுடைய கிழமைக்குப் பத்து நாள். செம்பு உளி அரசாங்கச் சொத்து என்பதால் நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்குவார்கள். விளக்குத் திரிகூட எண்ணித்தான் கொடுப்பார்கள். சலவைக்குப் போட்ட உடுப்புக்கும் கணக்கு உண்டு. வாசிக்கத் தெரியாத ஆளுக்காக வேட்டி, சட்டை என்று படமாகவே கீறி வைத்திருக்கிறார்கள். கல் துண்டுகளிலும் பானை ஓடுகளிலும் இப்படி எழுதி எறிந்தவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. துத்தன்காமூன் காலையில் என்ன நினைத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த ஊரில் எவன் எவனுக்குக் கழுதை வாங்கின கடன் வைத்திருந்தான் என்பது தெரியும்.

இந்த ஊரில்தான் வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டு, கி.மு. 1157 அளவில். மாதக்கூலி ஒருவனுக்கு ஐந்தரை மூட்டை தானியம்: எம்மர் கோதுமை நாலு, பார்லி ஒன்றரை. அது வரவில்லை. மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வேலையைப் போட்டுவிட்டு, கல்லறைப் பகுதியின் காவல் மதில்களைத் தாண்டிப் போய், முன்னைய அரசன் மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் இருந்துவிட்டார்கள். பிறகு ராமேசியம் கோயிலுக்குள்ளேயே நுழைந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, உடுக்கத் துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, மரக்கறி இல்லை, பார்வோனுக்குச் சொல்லியனுப்புங்கள் என்றார்கள். இதைக் குறித்து வைத்த பப்பிரஸ் இன்றைக்கும் இத்தாலியில் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தில் நிற்கிற உலகத்தின் முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்பார்கள்.

எங்கள் மொழியில் இதற்கு எவ்வளவு பொருத்தமான சொல் இருக்கிறது பாருங்கள். படியளத்தல். கடவுளையும் அரசனையும் 'படியளக்கிறவன்' என்றுதானே சொல்கிறோம். பார்வோன் அந்த மக்களுக்கு இரண்டும்தான். அவன் படியளக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அவனுடைய முன்னோனின் கோயிலில்தான் போய் இருக்கவேண்டும்.

பிள்ளைக்குப் பாத்திரம் பிடித்துவிட்டது. என்னுடைய பழைய வேட்டியைப் பாதியாகக் கிழித்து இடுப்பில் சுற்றினோம். எகிப்துக்காரர் உடுத்ததும் ஏறக்குறைய அப்படித்தான், என்ன, அது லினன். செலவு பூச்சியம். மற்றப் பெற்றோர் ஆன்லைனில் வாங்கின தங்கப் பிளாஸ்டிக் கிரீடங்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நடந்தது இது. குஃபு அரசனாக நின்ற பொடியனின் வட்டத்தை ஒரு தாத்தா மிதித்தார். "என் அடிமைகள் எனக்குப் பெரிய பிரமிட்டைக் கட்டினார்கள்" என்று பொடியன் தொடங்கினான். தாத்தா, "கல்லை எங்கையிருந்து கொண்டுவந்தனீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொடியன் திகைத்தான். பிறகு முதல் வரியிலிருந்து திரும்பச் சொல்லத் தொடங்கினான். பாவம், அவனில் பிழை இல்லை. கேள்வி வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பதில் இல்லாத கேள்வியும் இல்லை அது. மேரர் என்ற அதிகாரி, 40 பேர் அளவிலான குழுவோடு துரா என்ற கல்லுடைக்கும் இடத்திலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, பிரமிட் நிற்கிற கீசாவுக்குக் கொண்டுபோன நாட்குறிப்பு 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃபில் கிடைத்திருக்கிறது. குஃபுவின் காலத்துக் குறிப்பேதான். அந்த வகுப்பில் ஒரு மேரர் இருந்திருந்தால் தாத்தாவுக்கு நாள்வாரியாகப் பதில் கிடைத்திருக்கும்.

'அடிமைகள் கட்டினார்கள்' என்பதை அன்றைக்கு மூன்று பிள்ளைகள் சொன்னார்கள். கீசாவில் 1990இல் கண்டுபிடிக்கப்பட்ட தொழிலாளர் கல்லறைகள் பிரமிட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அடிமைகளை அரசனுக்கு அருகே அப்படிப் புதைப்பார்களா? அதற்காகச் சுதந்திரமான கூலிக்காரர் என்றும் சொல்ல ஏலாது. பெரும்பகுதி, முறை வைத்து ஊர் ஊராக ஆள் எடுத்த ஊழியம். இலங்கை ஆட்களுக்கு ராஜகாரியம் என்றால் விளங்கும்.

என் மகளின் வட்டத்தில் மிதித்தவர்கள் குறைவு. வேட்டித் துண்டோடு நிற்கிற பிள்ளையை யார் பார்க்கப் போகிறார்கள், பக்கத்தில் அனுபிஸ் நிற்கும்போது! ஆனால் மிதித்தவர்கள் நின்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிற ஒரு அம்மா கேட்டா: "நீங்கள் வென்றீர்களா?" பிள்ளை கல்லாகப் போகவேண்டிய நேரம். ஆனால் போகவில்லை. யோசித்துவிட்டு, "போன மாதத்துச் சாப்பாடு தந்தார்கள். பிறகு திரும்பவும் பிந்தினது. நாங்கள் திரும்பவும் போய் இருந்தோம்" என்றாள். அந்த அம்மா தலையை ஆட்டின விதத்தை நான் சொல்லி விளக்க ஏலாது.

சிறந்த உடுப்புக்கான பரிசு ஒரு கிளியோபாட்ராவுக்குப் போனது. இதுதான் எனக்குக் கோபம். காசு கொடுத்து வாங்கினதுக்குப் பரிசு கொடுத்தால், அடுத்த வருசம் இன்னும் விலை கூடின கிரீடம் வரும். என்னிடம் கேட்டால், வகுப்புக்கு ஒரே ஒரு பார்வோன். அதையும் சீட்டுக் குலுக்கிப் போடவேண்டும். மற்றவர்கள் பாண் சுடுகிறவர், மீன் பிடிக்கிறவர், வண்ணார், மருத்துவிச்சி, எழுத்தர். ஒவ்வொரு பிள்ளையும் எழுதி வைக்காத ஒரு கேள்விக்காவது பதில் சொல்லவேண்டும், "தெரியாது, தேடிப் பார்க்கிறேன்" என்பதும் பதில்தான்.

ராணி வேசம்தான் வேண்டும் என்கிற பிள்ளைக்கு நவுனக்தேயைக் கொடுக்கலாம். அதே டேர் எல்-மெதினாக்காரி, எட்டுப் பிள்ளைகள் பெற்றவ. வயதானபோது ஊர்ச் சபைக்கு முன்னால் போய், என்னைப் பார்க்காத பிள்ளைகளுக்கு என் சொத்தில் பங்கில்லை என்று எழுதுவித்தா. நன்றாகப் பார்த்த ஒரு மகனுக்கு மேலதிகமாக ஒரு வெண்கலக் கிண்ணம். அந்த உயில் ஒக்ஸ்போர்ட்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் ஆச்சிமாருக்கு இதை வாசித்துக் காட்டினால் எழும்பி நின்று கை தட்டுவார்கள்.

எழுத்தராக வருகிற பொடியனுக்கோ வசனம் ஆயத்தமாகவே இருக்கிறது. எகிப்தில் பள்ளிப் பிள்ளைகள் பார்த்தெழுதின பாடம் ஒன்றில், மகனைப் படிக்கக் கூட்டிக்கொண்டு போகிற தகப்பன் ஒவ்வொரு தொழிலாகப் பழிப்பான். கொல்லனின் விரல் முதலைத் தோல் மாதிரி, உடம்பு மீன் சினையைவிட மோசமாக நாறும். வண்ணான் முதலைக்குப் பக்கத்தில் நின்று தோய்க்கவேண்டும். ஆகவே படி, எழுத்தனாக வா. நாலாயிரம் வருசத்துப் பழசு. ரியூஷன் வாசலில் நிற்கிற எங்கள் அப்பாமாரின் குரல் அப்படியே.

படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் ஒரு சித்தப்பா, "பிரமிட் கட்டினதே தமிழன்தான்" என்று ஒரு காணொளி அனுப்பினார். இல்லை சித்தப்பா. ஆனால் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அது இதைவிட அழகு. வேலைநிறுத்தத்துக்கு ஆயிரம் வருசத்துக்கும் மேலே கழித்து, ரோமர் ஆட்சியில், செங்கடல் துறைமுகங்களுக்கு எங்கள் பக்கத்திலிருந்து கப்பல் போனது. பெரெனிகே துறையில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. இன்னொரு துறையான குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் அதை 'பானை ஒறி' என்று வாசித்தார். உறியில் தொங்கவிட்ட பானை. எகிப்து மண்ணில் தமிழன் விட்டுவந்தது வெற்றித்தூண் இல்லை, சாப்பாட்டுப் பானையின் பெயர். மகளுடைய வட்டத்துக்குப் பக்கத்தில் அந்தப் பானைக்காரனையும் நிறுத்தலாம். சித்தப்பா இன்னும் பதில் போடவில்லை.

இரவு என் அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் பிள்ளை தன் திட்டப் புத்தகத்தைக் காட்டினாள். அதில் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய பழைய எகிப்துச் சிலை ஒன்றின் படம். முழங்காலில் இருந்து, சாய்வான கல்லில் தானியத்தை அரைக்கிற பெண். கல்லிலிருந்தும் பாலைவனத்திலிருந்தும் மண் மாவுக்குள் விழுந்து, அந்தப் பாணைத் தின்று அவர்களுடைய பல்லெல்லாம் தேய்ந்துபோனது என்று பிள்ளை அரைகுறைத் தமிழில் விளக்கினாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தா.

"உது அம்மியெல்லோ. அவளின்ரை நாரியைப் பார், பாவம். கல்லைக் கொத்திப் பொழிஞ்சு கன நாளாக்கும், அதுதான் உந்தக் குனிவு குனியிறாள்."

பிள்ளை பென்சிலை எடுத்து, "பொழியிறது எண்டால் என்ன, அப்பம்மா?" என்று கேட்டு எழுதத் தொடங்கினாள்.